கலந்து போட்ட ஷிப்டு பட்டியல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள்.

ஒன்பது நாளாக எங்கள் விண்கப்பல் நகரவில்லை, பயப்படாதீர்கள். பல யுகங்களாக இங்கே கிடக்கும் ஏதோ ஒரு வேற்றுலகச் சக்தி, எங்களையும் போட்டிக் கம்பெனியின் கப்பலையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. கடிதங்களை மட்டும் போகவர விடுகிறது. “சண்டை போடுங்கள், ஜெயிக்கும் கப்பல் போகலாம்” என்றது.

ஒரு நிமிடம் என் மனமும் சண்டைக்குத்தான் போனது. பிறகு என் வேலையைச் செய்தேன். அவர்களையும் சம்மதிக்க வைத்து, ஷிப்டு பட்டியலில் இரண்டு கப்பல் ஆட்களையும் பாதிப் பாதியாகக் கலந்து போட்டேன். எந்தக் கப்பலை அடித்தாலும் நம் ஆள்மேல்தான் அடி விழும்.

அவர்களுடைய மெக்கானிக், “அக்கா, உங்க ஆளுங்க விடற குறட்டைக்குச் சண்டையே போட்டிருக்கலாம்” என்றான்.

“காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு வேலையைப் பாருடா!”

சண்டை போட மறுக்கிற ஒவ்வொரு நாளும் அந்தச் சக்தி குளிரைக் கூட்டுகிறது. நாங்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்கிறோம்.

வாசலில் கிடக்கும் என் செருப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் காலையில் என்னென்ன சத்தம் கேட்கிறது என்று எழுதுங்கள், சின்னச் சத்தம்கூட.

மணி அடித்துவிட்டது. சண்டை போடுகிறீர்களா என்று அந்தச் சக்தி இன்றும் கேட்கும். முடியாது என்று சொல்ல இன்று என் முறை.

உங்கள் மகள்