ஒரு மணி நேரத்துக்குள் சொல்

சேந்தமங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் குச்சிக்கிழங்கு சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார். மிளகாய்த்தூள் வாசம் வந்ததும் எனக்கு உன் மேல் கோபம்தான் முதலில் வந்தது. நீ இல்லாத உன் வீட்டுக்கு இரண்டாவது முறையாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆத்தூரில் அந்த சிப்ஸை வாங்கி, நாம் இருவரும் போன ராணுவக் கூட்டுப் பயிற்சிக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன் நான்தானே. எதிரி நாடு கணினி வழியாக உள்ளே நுழையாமல் காப்பதற்கு, நம் ராணுவமும் நட்பு நாட்டு ராணுவமும் சேர்ந்து பழகிய மூன்று வாரம். அவர்கள் பக்கத்துப் பெண் மேஜர், நாம் மேஜர் அம்மா என்று அழைத்தவர், ஒரு பொட்டலத்தைத் தனியாகவே தின்று தீர்த்தார். அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டேன்.

"ஏன் மாப்ள, ஜலகண்டாபுரத்துக்காரங்க எதையும் தண்டோரா போடாம இருக்க மாட்டீங்களா?" என்றாய். நான் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், அந்த மேஜர் அம்மா பெயரில் ஒரு மெயில் வந்தது. சிப்ஸ் விருந்தின் மற்ற படங்களாம். திறந்தேன். படம் எதுவும் வரவில்லை; கணினிக்குள் எதிரிதான் வந்தான். எதிரி என் ஃபேஸ்புக்கைப் பார்த்துத்தான் தூண்டிலில் இரை கோத்திருக்கிறான் என்று அப்புறம்தான் உறைத்தது.

எந்தப் பக்கம் எதிரி புகுந்தாலும், ஒரு மணி நேரத்துக்குள் மறுபக்கத்துக்குப் போனில் சொல்லிவிட வேண்டும் என்பது இரண்டு ராணுவத்துக்கும் பொதுவான ஏற்பாடு. நான் நாற்பது நிமிடம் வாயைத் திறக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. நீ என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கேட்டு வாங்கிவிட்டாய். திட்டவில்லை. கணினியின் கேபிளை உருவினாய், கர்னலிடம் போய்ச் சொன்னாய், திரும்பி வந்து டெலிபோனை என் முன்னால் நகர்த்தினாய்.

"நீயே பேசு மாப்ள, எனக்கு வாய் வரல" என்றேன்.

"தெறந்தது நீதான? நீதான் சொல்லோணும். நம்மூட்டுல பூந்தவன் அடுத்து அவங்கூட்டுக்குத்தான் போவான்."

சொன்னேன். மறுமுனையில் மேஜர் அம்மா தணிந்த குரலில் சொன்னார்: "அதே மெயில் உங்கள் பெயரில் முந்தாநாள் எனக்கும் வந்தது. நானும் திறந்தேன். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை."

சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் ஓட்டையை அடைத்தோம். பதவி உயர்வு போனது. போகட்டும்.

அப்படிப்பட்ட நீ, வேறு முகாமுக்கு மாற்றலாகிப் போன பிறகு, மூன்று வாரம் நெஞ்சு வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாய். "லீவுல வாரேன் மாப்ள, கொல்லிமலை போலாம்" என்று போனில் சிரித்தாய். லீவில் வந்த நான்காம் நாள் நெஞ்சடைத்துப் போய்விட்டாய். உன் தலைமாட்டில் உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். "அவரு ஏனுங்கண்ணா என்கிட்டக்கூடச் சொல்லல?" என்று உன் மனைவி கேட்டாள்.

போன மாதம் எனக்கும் இடது தோளில் வலி வந்தது. வாயுவாக இருக்கும், வீட்டில் எதற்குப் பயமுறுத்துவது என்று உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தபோது அரை மணி நேரம் ஓடியிருந்தது. எழுந்து போய் மனைவியிடம் சொன்னேன். சேலத்து டாக்டர், "நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றார்.

உன் மனைவிக்கு இன்று இப்படிப் பதில் சொல்லப் போகிறேன்: அவன் மறைக்கவில்லை, தங்கச்சி. சொல்லத்தான் இருந்தான். டெலிபோனை அவன் முன்னால் நகர்த்தி வைக்க நான் பக்கத்தில் இல்லை.