இரண்டாம் ஓலை

ஜன. 31, சனி
காலையில் பனி. ஒன்பது மணிக்குமேல்தான் வெயில். சபைச் செயலர் தாமஸ் வந்து நாளைய அறிவிப்புத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். பிப்ரவரி முழுவதும் கோவிலில் அறிவிப்பு வாசிக்கப்போவது நான். எழுபத்திரண்டு வயதில், மைக் முன்னால்! போன வருடம் இந்நேரம் ஓர் எழுத்துத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றது. பிள்ளைகள் "டூ மச் லெட்டர்ஸ் தாத்தா" என்று நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை.

ஒரே குறை. இந்தத் தெலுங்கு ஊர்த் தெருவில் படிக்கத் தமிழ் இல்லை. வீட்டுக்குள் தேடித் தேடிப் படிக்கிறேன். இன்று படித்தவை: பெருங்காய டப்பா, தேதிக் காலண்டர், ஊறுகாய் பாட்டில், மனைவி எஸ்தரின் தைல சீசா (இரண்டு தரம்).
எஸ்தர்: "அதத் தேய்க்கியளா, இல்ல படிச்சே தீத்துருவியளா?"

மாலை. அறிவிப்புப் பயிற்சி. பூ அலங்காரம், சரி. உபவாச ஜெபம், சரி. ஐந்தாவது, கல்யாண ஓலை. "நம் சபையைச் சேர்ந்த, தாரமிழந்தவராகிய ஜெபராஜுக்கும்..."
அதோடு நின்றுவிட்டேன்.
ஜெபராஜ் என் மருமகன். தாரம் என் மகள்.

பிப். 1, ஞாயிறு
வாசித்துவிட்டேன். குரல் நடுங்கவில்லை. ஜெ. மூன்றாவது பெஞ்சில், தலை குனிந்து. பெண் கொண்டாப்பூர் ரூபா, அவளுக்கு முதல் கல்யாணம். "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம், இது முதல் ஓலை" என்று முடித்தேன். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். கல்யாணம் 16ஆம் தேதி.
வெளியே எல்லாரும் கை கொடுத்தார்கள். "கணீர்னு இருந்துச்சு தாத்தா!" சந்தோஷம். பஸ்ஸில் சந்தோஷம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி கொஞ்சம்.
மகள் கிரேஸ் பெயர் ஓலையில் எங்கும் இல்லை. தாரமிழந்தவர் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறாள். அதை நான் வாசிக்கிறேன்.

பிப். 4, புதன்
உட்கார முடியவில்லை. சனத்நகர் பழைய ஃபவுண்டரி கேட் வரை நடை. திரும்பினேன். மறுபடி நடை.
எழுதிவிடுகிறேன். ஆறு வருடம் முன்பு. மழை. நாச்சாரத்தில் ஜெ. பைக் ஓட்ட, பின்னால் கிரேஸ். தண்ணீர் மூடிய பள்ளம். அவனுக்குக் கை முறிவு. அவள் போய்விட்டாள். கல்லறையில், மண் போட்ட உடனே, எல்லார் காதிலும் விழ அவனிடம் கேட்டேன்: "நீ ஏன்ல சாகல?"
அதன் பிறகு அவனோடு பேச்சில்லை.
அரிசிக்காரர் வந்தார். பையில் தமிழ்! பொன்னி.

பிப். 8, ஞாயிறு
பாஸ்டர் ஊரில் இல்லை. தாமஸ் நடத்தினார். பூ அலங்காரம் வாசித்தேன். உபவாச ஜெபம். ஐந்தாவதில் விரலை வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவன் இன்று தலை குனியவில்லை. புதுச் சட்டை. ஆறாவதுக்குப் போய்விட்டேன். ஆறாவது, ஞாயிறு பள்ளிக்கு நாற்காலி தேவை.

ஆராதனை முடிந்ததும் தாமஸ் ஓடிவந்தார். "தாத்தா, ஓலைய விட்டுட்டீங்களே! இனி மூணாவது ஓலை இருபத்திரண்டுக்குப் போயிரும். அதுக்குள்ள லெந்து தொடங்கிருமே. தவக்காலத்துல கல்யாணம் நக்கோ, கூடவே கூடாது. ஈஸ்டர் கழியணும்!"
எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஜெ. நடுவில் வந்தான். "விடுங்க அண்ணா. மாமாவுக்குக் கண்ணாடி சரியில்ல. வரி தப்பிருக்கும்."
ஆமாம் என்றேன். எல்லாரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். ஒரு அம்மா கேக் கொடுத்தார். தின்றேன்.

பிப். 10, செவ்வாய்
எஸ்தர் விடவில்லை. கண்ணாடிக் கடை. சுவரில் எழுத்துப் பலகை, ஆங்கிலம், தெலுங்கு, இந்தி. கடைக்காரர்: "சாச்சா, நீச்சே கா லைன் படோ." கீழ் வரியைப் படிக்கணுமாம். எந்த வரியும் தெரியாது என்றேன். பதறிப்போனார். எஸ்தர், "தமிழ் இருக்கா கேளுங்க" என்றாள். தமிழ் இல்லை. கடைசியில் எண்கள் உள்ள அட்டை. கடைசி வரி வரை கடகடவென்று சொன்னேன். சந்தோஷத்தில் வேண்டாத வரியையும் சொன்னேன்.
"ஹவ்! ஆங்க் ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ்" என்றார்.
எஸ்தர் கடையை விட்டு முன்னால் இறங்கினாள். ரோட்டில் வந்து நின்றாள்.
"கண்ணு நல்லா இருக்குன்னா, அந்த வரி எங்க போச்சு?"
ஆட்டோ ஒன்று போனது. இன்னொன்று போனது.
"எனக்கும் அவ மகதான்" என்றாள். "நான் அந்தப் பையன ஒரு வார்த்த சொல்லல. நீங்க சொன்னது பத்தாதா? இப்ப கோயில்ல நின்னுக்கிட்டு இதா?"
வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பிப். 12, வியாழன்
நாச்சாரம் போனேன். தனியாக. பஸ் பலகை படிக்க முடியாமல் கேட்டுக் கேட்டு. கண்டக்டர் அம்மா "எக்கடிக்கி தாத்தா?" என்று போகும் இடத்தைக் கேட்டபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

கதவைத் திறந்தான். காதோரம் நரை. "வாங்க மாமா" என்றான், நேற்றும் வந்துபோனவனைக் கூப்பிடுவதுபோல.
நின்றபடியே சொன்னேன். வரி தப்பவில்லை. தெரிந்தே விட்டேன்.
"தெரியும் மாமா. அந்த வரி வந்ததும் என்னைப் பாத்தீங்க. பாத்துட்டுதான் தாண்டினீங்க."
"பிறகு என்னத்துக்குக் கண்ணாடின்னு சொன்ன?"
"வேற என்ன சொல்றது, அத்தனை பேர் முன்னாடி?"
ஃபேனைப் போட்டான். பிறகு அவன் குரல் மாறியது.
"ரூபா சொந்தக்காரங்க கோயமுத்தூர்ல டிக்கெட் எல்லாம் கேன்சல் பண்ணிட்டாங்க. அது போகட்டும். கல்லறைல கேட்டீங்களே, அதுக்குத்தான் இன்னும் பதில் தெரியல. டெய்லி அந்த ரோட்லதான் வேலைக்குப் போறேன். இங்க யாரும் அவ பேரை எடுக்க மாட்டாங்க, நான் அழுதுடுவேன்னு. உங்ககிட்டயாவது பேசலாம்னா, என்னைப் பாத்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவீங்க."
மன்னிப்பது என் வேலை என்று ஆறு வருடம் நினைத்திருந்தேன். கொடுக்காமல் கையில் வைத்திருந்தேன்.
"அப்படிக் கேட்டிருக்கப்பிடாது மாப்ள. மன்னிச்சிருங்க."
மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. உள்ளே போய் டீ போட்டான். சர்க்கரை இல்லாமல். "சுகர் இருக்குல்ல உங்களுக்கு."
பிறகு அவனே: "கிரேஸ் உப்புமா செஞ்சா கத்தி வச்சு வெட்டணும் மாமா."
சிரித்துவிட்டேன். அவனும்.
மதியம்வரை இருந்தேன்.

பிப். 14, சனி
பாஸ்டரிடம் சொன்னேன். அவர், "நாளைக்கு நீங்களே வாசிங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் வேற யாராவது வாசிக்கட்டும்" என்றார். சரிதான். வருத்தம்தான்.

பிப். 15, ஞாயிறு
மேகம். வாசிக்கும் முன் சொன்னேன்: "போன வாரம் எனக்குக் கண் தவறவில்லை. வேண்டுமென்றே விட்டேன்." ஒருவர் இருமினார். தாமஸ் தரையைப் பார்த்தார். கேக் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு இரண்டாம் ஓலை. ஒவ்வொரு சொல்லாக, பின் பெஞ்சுக்கும் கேட்கும்படி.
வெளியே யாரும் கை கொடுக்கவில்லை. ரூபா மட்டும் வந்தாள். பின்னால் ஜெ.
ரூபா: "மாமா, கல்யாண ரெஜிஸ்டர்ல எங்க பக்கம் சாட்சி எங்கப்பா. இவர் பக்கம் நீங்க போடுவீங்களா?"
ஜெ.: "நான் கேக்கறேன்னு சொன்னேன்ல!"
ரூபா: "நீங்க கேக்க ஆறு வருஷம் ஆகும்."
எஸ்தர் எனக்கு முன்னால் "போடுவாரு, போடுவாரு" என்றாள்.

பிப். 16, திங்கள்
வெயில். இன்று நடந்திருக்க வேண்டிய கல்யாணம். என்னால் ஏப்ரலுக்குப் போய்விட்டது. காலையிலிருந்து மூன்று தரம் காலண்டரைப் பார்த்தாயிற்று.
தாமஸிடம் கேட்டு வந்தேன். சாட்சிக் கட்டம் தீப்பெட்டி அகலம்தானாம். நீல மையாம். அடித்துத் திருத்தக் கூடாதாம்.
என் பெயரை எழுதிப் பார்க்கிறேன்.
சா. ஞானமுத்து. பெரிதாகிவிட்டது.
சா. ஞானமுத்து. கட்டத்துக்குள் நிற்கிறது, ஆனால் சாய்கிறது.
எஸ்தர் சாப்பிடக் கூப்பிடுகிறாள். இன்னும் ஒரு தரம்.
சா. ஞானமு