பொய் சொல்லும் கடிகாரம்

அக்கா,

இன்று நம் கோசோத் தீவில் கோட்டை பார்க்க நான் வழிகாட்டிக் கூட்டிப்போன பயணிகள் என்னால் திரும்பும் படகைத் தவறவிட்டார்கள். சாத்தானை ஏமாற்ற நம் தேவாலயக் கோபுரத்தின் இரண்டு கடிகாரங்களில் ஒன்று தப்பு நேரம் காட்டுகிறது என்று இருபது வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவள், நானே அதைப் பார்த்து நேரம் சொல்லிவிட்டேன்.

படகுக்காரர் சேவெரியு சிரித்தார். "சாத்தானுக்கு வச்சதுல நீ மாட்டிக்கிட்டியேம்மா."

இதற்கு முன் போட்ட மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. போகட்டும்.

நான்கு நாளாக அம்மா சாப்பிடவில்லை. காலையில், "மெல்போர்ன்லேருந்து பெரியவ கிளம்பிட்டாளா?" என்று கேட்டாள்.

"திருவிழாவுக்கு வந்துடுவாம்மா" என்றேன்.

எழுந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப் குடித்தாள். திருவிழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள்.

கோபுரத்திலாவது பக்கத்திலேயே சரியான கடிகாரம் ஒன்று இருக்கிறது. இங்கே அம்மாவுக்குப் பொய் சொல்லும் நான் மட்டும்தான்.

உன் தங்கை