உயிர் போகிற மாதிரி இருந்தால் மட்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மானமே போனது.

கடையில் ஒரு பெரியவருக்குச் சோதனைக் கண்ணாடி மாட்டி, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவசர உதவி மையத்திலிருந்து போன். சித்தி கழுத்தில் தொங்கும் அவசரப் பட்டனை அமுக்கியிருக்கிறாராம். பெரியவரை அப்படியே விட்டுவிட்டு, கடையைச் சாத்தாமலே ஓடினேன்.

மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கப் போய் நின்றால், ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் கூடத்தில் நிற்கிறார்கள். சித்தி சோபாவில். "கேஸ் வாசனை வந்த மாதிரி இருந்துச்சுடி."

பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். அவ்வளவுதான். போன வாரம் தூக்கத்தில் புரண்டு அமுக்கினார். அதற்கு முன்னால், டப்பா மூடி திறக்க வரவில்லை என்று!

அந்த இருவர் முன்னாலேயே கத்திவிட்டேன். "சித்தி, இது காலிங் பெல் இல்ல. உயிர் போற மாதிரி இருந்தா மட்டும் அமுக்குங்க."

ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஹாலையே அதட்டி வேலை வாங்கியவர். வாய் கொடுத்து அவரிடம் யாரும் ஜெயித்ததில்லை. இன்று, "சரிடி, கண்ணாடிக்காரி" என்று மட்டும் சொல்லிப் பட்டனை உடைக்குள் போட்டுக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

போன் பண்ணவில்லை. கோபம் ஆறட்டும். யார் கோபம்? என்னுடையதுதான்.

மார்ச் 13, வியாழன்

சித்தி ஆஸ்பத்திரியில். எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

மதியம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கடை சாத்தியபின்தான் போனேன். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். காலையில் விழுந்தாராம். உதடு காய்ந்து, உடம்பு சில்லென்று... துணி நனைந்திருந்தது. "பாக்காதடி" என்றார்.

பட்டன் கழுத்திலேயே இருந்தது. வலது கை அதன் மேலேயே இருந்தது.

நான்தான் அமுக்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

இடுப்பு எலும்பு முறிவு. ஆனால் டாக்டரம்மா கவலைப்படுவது அதற்காக இல்லை. "எலும்பைச் சரி பண்ணிடலாம். அவ்வளவு நேரம் ஒரே பக்கமா கிடந்ததுல தசை நசுங்கி, கிட்னி அடி வாங்கியிருக்கு. விழுந்த உடனே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

தம்பி வெளியூரிலிருந்து போனில் கத்தினான். "அந்தப் பட்டன் எதுக்கு மாட்டினோம்? அது என்ன ஆச்சு?"

"வேலை செய்யல போல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

சித்திக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. அதுவே பயமாக இருந்தது. கேட்டுவிட்டேன். "ஏன் சித்தி அமுக்கல?"

"உயிர் போற மாதிரி இல்லையேடி. இடுப்புதான் வலிச்சுது."

குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நிஜமாகவே அங்கே கிடந்தபடி யோசித்திருக்கிறார் — இது போதுமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா, இவளைக் கடையிலிருந்து ஓடவைக்கிற அளவுக்கு இது பெரிசா.

வராந்தாவில் போய் நின்றேன். பாவி. பாவிடி நீ.

மார்ச் 18, செவ்வாய்

தம்பி பட்டன் கம்பெனியை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறான். பட்டனைப் பொருத்திய மெக்கானிக் இன்று சித்தி வீட்டுக்கு வந்தார். இளைத்த மனிதர், வியர்த்துக்கொண்டே சோதித்தார். அமுக்கியதும் மையத்திலிருந்து குரல் வந்தது. "வேலை செய்யுதேம்மா. அன்னிக்கு மட்டும் ஏன்னு தெரியல. என்னைத்தான் கேக்கறாங்க" என்றார்.

நான் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர்தான் கொடுத்தேன்.

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன். முதலில் கம்பெனிக்கு, பிறகு தம்பிக்கு. "பட்டன் மேல தப்பில்ல. நான் திட்டினதால அவங்க அமுக்கல."

தம்பி கடைசிவரை கேட்டான். அப்புறம், "சாப்பிட்டியா?" என்றான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

டிஸ்சார்ஜ். கிட்னி பாதிதான் தேறியிருக்கிறது. மருந்தும் பத்தியமும் இனி கூடவே. என் வீட்டுக்கு வரச் சொன்னேன். "உன் சமையலுக்கு அந்தத் தரையே தேவலை" என்கிறார். நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

சித்தி வீட்டுச் சாவி ஒன்றைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

மே 22, வியாழன்

மதியம் மையத்திலிருந்து போன். வாடிக்கையாளர் மூக்கின் மேல் பாதி மாட்டிய ஃபிரேமோடு நிற்க, ஓடினேன்.

கீழ்வீட்டு அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்களும். சித்தி வாக்கரைப் பிடித்தபடி நாற்காலியில். எழுந்தபோது தலை சுற்றியதாம். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், விரல் நுனியில் சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது.

"ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கீங்க" என்று ஆம்புலன்ஸில் வந்த பெண் சொன்னபோது சித்தி அவளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி.

பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். "நல்ல வேளை கூப்பிட்டீங்க" என்றேன்.

சித்தி நம்பினாரா, தெரியவில்லை. "கடையைப் பூட்டினியாடி?" என்றார்.

"இல்ல."

"போய்ப் பூட்டு."

"அப்புறம் போறேன் சித்தி."