நோன்பு மாதத்துத் தராசு

தோட்டவெளி
12.05.2026

அன்புள்ள ஹுஸ்னியா,

நலமா? நான்கு நாளாக உன் போனுக்கு அடிக்கிறேன், நீ எடுப்பதாக இல்லை. பெரிய ஆள் ஆகிவிட்டாயோ? உன் அண்ணன் சனூன் நானா மீன் விற்க எங்கள் ஒழுங்கைக்கு வருவார்தானே, அவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

நண்டுச் சதை எடுக்க மெசின் வந்துவிட்டது, இனி எட்டுப் பேர் போதும் என்று வெள்ளிக்கிழமை மனேஜர் பெயர் வாசித்தாரே, உன் பெயர் வந்ததும் முதலில் கை தட்டியது நான்தான். அடுத்தது என் பெயர் என்றே நின்றேன். நாற்பது பெண்களில் என் கையைவிட வேகமான கை எது? பதினொரு வருடம் பக்கத்தில் இருந்த நீயே சொல்லுவாய், "உன்ர விரலில பேய் இருக்கடி" என்று.

என் மனுசன் டொமினிக் நாரி நோவால் இடுப்பை நிமிர்த்த முடியாமல், கடலுக்குப் போகாமல் இரண்டு மாதம். மகள் சுவேதினிக்கு இந்த வருடம் ஏ.எல். சோதனை. எனக்கு வேறு வேலையும் தெரியாது. எதைப் பார்த்து அந்த எட்டுப் பேரை எடுத்தார்கள் என்று கேட்டு எழுது.

உன்
அஞ்சலா


எருக்கலம்பிட்டி
17.05.2026

அன்பு அஞ்சலா,

கோபிக்காதே. கம்பனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் தலையிடி, மெசின் போடும் சத்தம் அப்படி. நாங்கள் எல்லோரும் ஒரு நாள் முழுக்க எடுக்கும் சதையை அது மத்தியானத்துக்கு முன்பே துப்பிவிடுகிறது. நாங்கள் எட்டுப் பேரும் அதில் ஓட்டுத் துண்டு பொறுக்குகிறோம். கதைத்தாலும் ஒருவருக்கும் கேட்காது. வெளியே குளிரூட்டி லொறிகள் வரிசையாக நிற்கின்றன. முதலாளி கடற்கரையில் ஹோட்டல் கட்டப்போகிறாராம். எங்கள் சம்பளம் பழையதுதான்.

நீ கேட்டதை விசாரித்தேன். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் தராசு வைத்து ஒவ்வொருவரின் தட்டையும் நிறுத்தார்களே, அந்தப் பதிவைப் பார்த்துத்தானாம். பெப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் இருபது வரை.

சுவேதினிக்கு வட்டிலப்பம் அனுப்புகிறேன்.

உன்
ஹுஸ்னியா


தோட்டவெளி
21.05.2026

ஹுஸ்னியா,

வட்டிலப்பம் நன்றாக இருந்தது. சட்டியைக் கழுவித் தந்துவிடுகிறேன்.

மார்ச் இருபது வரை என்று எழுதியிருக்கிறாய். மறுநாள் உனக்குப் பெருநாள். நீ அனுப்பிய புரியாணியை நான் மறந்துவிடுவேனா? அது நோன்பு மாதம் என்று எழுத உன் பேனைக்கு என்ன வந்தது?

நோன்பு காலத்தில் பின்னேரம் அஸர் தொழுகை நேரமானால் உன் விரல் ஓடாது. சுப்பவைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் இரண்டு பிடி, மூன்று பிடி என்று என் சதையை உன் தட்டில் போடுவேன். ஆவணியில் நான் மடு மாதா கோயிலுக்கு நடந்து போய் வந்து, கால் கொப்பளித்து நிற்கும்போது நீ என் தட்டில் போடுவாய். இதை நாங்கள் பேசி வைத்தோமா? ஒவ்வொரு வருடமும் தானாக நடந்தது. கம்பனிக்கு இது தெரியாது. நோன்பு மாதத்தைப் பார்த்து நிறுத்துவிட்டது. நான் போட்டதெல்லாம் உன் பெயரில் ஏறிவிட்டது.

உன்னில் பிழை சொல்லவில்லை. நீ ஒன்று மட்டும் செய்தால் போதும். மனேஜரிடம் போய், "அது அஞ்சலாவின்ர கை சேர்" என்று சொல்லு. என்னைக் காவலாளி கேற்றைத் தாண்ட விடவில்லை. நீ சொன்னால் நம்புவார்கள்.

அஞ்சலா


எருக்கலம்பிட்டி
09.06.2026

அன்பு அஞ்சலா,

மூன்று தரம் மனேஜரின் கந்தோர்க் கதவு வரை போனேன். இரண்டு தரம் பாதியில் திரும்பினேன். மூன்றாம் தரம் மனேஜரே வெளியே வந்து, "என்ன ஹுஸ்னியா?" என்று கேட்டார். "கையுறை கிழிஞ்சு போச்சு சேர்" என்று சொல்லிவிட்டேன். புதுக் கையுறை தந்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

சொன்னால் கள்ளி என்று என்னையும் துரத்துவார்கள். என் மனுசன் மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் நான் ஒருத்திதானே. இதெல்லாம் சாட்டு என்று நீ நினைப்பாய். நினை. நான் பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. தொழ நின்றால் உன் முகம் வருகிறது. ஏசியாவது ஒரு வரி எழுது.

உன்
ஹுஸ்னியா


தோட்டவெளி
20.08.2026

ஹுஸ்னியா,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். எழுதியதைக் கிழித்துப் போட்டேன், அவ்வளவு கோபம். அதனால்தான் இவ்வளவு நாள்.

அடுத்த மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன். சுவேதினியை டொமினிக் பார்த்துக்கொள்வார். இந்த வயதில் பாஸ்போட்டுக்குப் படம் பிடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு அழுதேன்.

இந்த முறையும் மடுவுக்கு நடந்துதான் போனேன். கால் கொப்பளம்தான். ஆனால் இந்த வருடம் என் தட்டை யாரும் நிரப்பத் தேவையில்லை, வீட்டில் நீட்டி நிமிர்ந்து இருக்கிறேன். உன் பிள்ளைகள் பசியில்லாமல் இருப்பது எனக்குச் சந்தோஷம், இதைப் பொய்யாக எழுதவில்லை. உன் பெயரை வாசித்தபோது கை தட்டினேனே, அதை நினைத்தால்தான் நெஞ்சு எரிகிறது.

மாதாவுக்கு மூன்று மெழுகுதிரி வாங்கினேன். ஒன்று சுவேதினிக்கு. ஒன்று உன் பிள்ளைகளுக்கு. மூன்றாவது உனக்கென்று வாங்கியது, ஏற்றக் கை வரவில்லை. அதை சனூன் நானாவிடம் கொடுத்துவிடுகிறேன். கரண்ட் போனால் உதவும்.

அஞ்சலா