துரைக்குப் போட்ட இலை

பெஸ்தாரி ஜெயா,
25.10.2025

அன்பு மகள் தனேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இரண்டு பூனைகளும் சௌக்கியம், அப்பாவின் முட்டிவலி மட்டும் அவரைவிடச் சௌக்கியமாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மெல்பர்னில் இன்னும் குளிர் விடவில்லை என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ தீபாவளிக்கு வராததை நினைத்து முறுக்கு சுடும்போது கொஞ்சம் அழலாம் என்றிருந்தேன், அதற்கு நேரமே கிடைக்கவில்லை, வீட்டுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்துவிட்டார்! போனில் சொன்னால் பாதியில் வேலை என்று ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மறைந்த பெரியவர்களுக்குப் படைக்கும்போது கடைசியில் துரைக்கு என்று ஓர் இலை போடுவோமே, அந்த இலையால் வந்த கதை இது. ஜப்பான்காரன் சண்டை முடிந்து ஐந்தாம் வருஷம் நம் ரப்பர்த் தோட்டத்தில் சண்டை விமானம் விழுந்து செத்துப்போன வெள்ளைக்காரப் பையன் அவன். உன் தாத்தா உடையப்பன் பால்மரம் வெட்டும் நிரையில், அவருடைய மர வரிசையில் விழுந்ததால், என் நெரையில வந்து விழுந்தவன் எனக்கு ஒறவுதான் என்று சொல்லி அந்த வருஷமே இலை போட்டுவிட்டார். பெயர்கூடத் தெரியாது, துரை என்றே கூப்பிட்டு வந்தோம். போன வருஷம் தமிழ்ப்பள்ளி வாத்தியார் சேது அந்த இலையைப் படம் பிடித்துக் கதையோடு பேஸ்புக்கில் போட, அது ஊரெல்லாம் சுற்றி இங்கிலாந்தில் பார்பரா என்பவர் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் துரையின் மகள், விமானம் விழுந்தபோது தாய் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தவர், இப்போது வயது எழுபத்தைந்து. படையலுக்கு வரலாமா என்று சேதுவுக்கு எழுதிக் கேட்டு, வந்தே விட்டார்.

உன் அப்பாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. சர்ச்சுக்குப் போற வேதக்கார மனுசன நம்ம பெரியவங்களோட உக்கார வச்சிருக்கோம்னு தெரிஞ்சா அந்தம்மா கோவிச்சுக்கும் லா, இந்த வருசம் அந்த எலைய விட்டுருவோம் என்றார். ஒறவுன்னு இத்தன வருசம் உக்கார வச்சிட்டு, பெத்த மக வர்றப்ப எழுப்பி வெளிய அனுப்புறதா என்று நான் ஒரு சத்தம் போட்டேன், அடங்கிவிட்டார்.

பார்பரா வந்து இலையைப் பார்த்தார். வழக்கம்போல ரொட்டி, சார்டின், அவித்த முட்டை, பெரிய போத்தல் கறுப்பு பீர், பக்கத்தில் நாற்பத்திரண்டு அளவில் வெள்ளைச் சட்டை. சேது ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்ல, அந்த அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் அப்பா ஓமக்குச்சி மாதிரி இருப்பாராம், குடியைத் தொடவே மாட்டாராம், இனிப்பு என்றால்தான் உயிராம்! எழுபத்தைந்து வருஷமாகப் பிடிக்காததை வைத்திருக்கிறோம். அந்த பீரைப் படையல் முடிந்ததும் குடிப்பது யார், சட்டை யார் அளவு என்பதெல்லாம் உனக்குத் தெரியும், அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். போத்தலை எடுத்துவிட்டு நெய்யுருண்டை வைத்தேன்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவர் கேட்க வந்ததைக் கேட்டார். விழுந்த இடத்தில் அப்பா தனியாகக் கிடந்தாரா? அவருடைய அம்மா சாகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாராம். ஏதாவது ஆறுதலாகச் சொல்லேன் என்று நான் உன் அப்பாவைப் பார்க்கிறேன், அவருக்குத்தான் பொய் வராதே. எங்கப்பா ஓடிப் போறப்பவே உசுரு இல்லம்மா, ஆனா தனியா விடல, தலத்துண்டால மொகத்த மூடிட்டு, பட்டாளத்து லோரி வர்ற வரைக்கும் மழையில பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, வேல வாங்குற மண்டோர் வந்து பேர வெட்டி அன்னிக்குக் கூலிய நிறுத்திருவேன்னு ஏசியும் எந்திரிக்கல என்றார். சேது அதை இங்கிலீஷில் சொன்னதும் பார்பரா உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர்.

சாம்பிராணி போட்டு அவரவர் பெரியவர்களை முறை சொல்லிக் கூப்பிட்டோம். அந்த இலைக்கு மட்டும் நாங்கள் கூப்பிடவில்லை, நீங்கள்தான் கூப்பிட வேண்டும், முறை உங்களுடையது என்று சேதுவைச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மாள் இலைக்கு முன்னால் எங்களைப் போலவே கைகூப்பி நின்றார். பிறகு, டாடி என்றார். அந்த வார்த்தையை எழுபத்தைந்து வயதுவரை யாரையும் பார்த்துச் சொன்னதே இல்லையாம். தனம், நான் அழுத அழுகையில் நெய்யுருண்டை உப்புக் கரித்திருக்கும்.

முறுக்குப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளைக்குப் பாதி கொடு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து நூறு வயது இருக்க ஆத்தா காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நீ போன் போட்டு அப்பா எடுத்தால் உடனே அம்மாகிட்ட குடுங்க என்கிறாய், அவரும் கொடுத்துவிட்டு, நாம் பேசி முடிக்கும்வரை நகராமல் பக்கத்திலேயே நிற்கிறார். இனி அவர் எடுத்தால் என்னைக் கேட்காதே. அப்பா என்று கூப்பிட்டு நாலு வார்த்தை பேசு, அவர் பதில் சொல்லுவார்.

உன் அம்மா,
அன்னம்மா நல்லசாமி