இருபத்தைந்து சென்ட் பட்டம்

2024 ஜனவரி 23, செவ்வாய்

இன்று வகுப்பில் என் இடது கையில் மூன்று முறை குத்தினார்கள். மருத்துவ உதவியாளர் படிப்பில் இரத்தம் எடுக்க ஒருவர் கையில் ஒருவர்தான் பழகவேண்டும். என் கை ஜாஸ்லினுக்கு வாய்த்தது. என் மகளைவிடச் சின்னவள்.

"சாரி மேடம், உங்க நரம்பு என்னைப் பார்த்தாலே ஒளிஞ்சுக்குது."

நரம்பைக் குறை சொல்ல முடியாது. நாற்பத்தேழு வயதில் ஊர்க்காரர் எவரும் கண்டுவிடக் கூடாதென்று பின்வாசல் வழியாகக் கல்லூரிக்குள் நுழைகிறவளின் நரம்பு அது.

பத்தொன்பது ஆண்டுகள் நகர நூலகத்தில் இருந்தேன். ஆட்குறைப்பு செய்த அன்று கேக் வாங்கி வந்தார்கள். நானே வெட்டிப் பரிமாறினேன்.

ஜனவரி 28, ஞாயிறு

பூசை முடிந்து காபி நேரம். மிஸஸ் டுடாஷ் பிடித்துக்கொண்டாள். எங்கள் தேவாலயப் பங்கில் ஃபாதருக்கு அடுத்த அதிகாரம் அவளுடையது. சிலர் வரிசையை மாற்றிச் சொல்வார்கள்.

"ஏம்மா ரெனாட்டா, காலேஜ் போறியாமே! என்ன படிப்பு?"

"மருத்துவத் துறையில ஒரு..."

"நர்ஸா! கேட்டீங்களா எல்லாரும்? நம்ம பங்குல ஒரு நர்ஸ்!"

மறுக்க வாயைத் திறந்தேன். திறந்த வாயில் டோனட்டை வைத்துக் கடித்தேன். வாயில் டோனட் இருந்தது என்பது மட்டுமே என் தரப்பு வாதம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்றும் திருத்தவில்லை. இன்று டோனட்கூட இல்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

தவக்கால மீன் விருந்து. பங்குக் கூடத்தில் வழக்கமான மீன் வறுவல், பியரோகிக் கொழுக்கட்டை, முட்டைக்கோஸ். வழக்கமில்லாதது ஒன்று: மிஸஸ் டுடாஷ் ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"நம்ம பொண்ணு நர்ஸ் படிப்பு படிக்குது. டப்பா வருது, தாராளமாப் போடுங்க!"

காபி டப்பா மேசை மேசையாகப் போனது. ஓய்வூதியத்தில் மருந்து வாங்குகிறவர்கள் பணம் போட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு டாலர். மிஸஸ் டுடாஷ் டப்பாவை என் கையில் திணித்தாள்.

"புத்தகத்துக்கு வச்சுக்கோ கண்ணு. நான் எங்கயாவது விழுந்து கிடந்தா நீதான் பாத்துக்கணும்."

ஒலிபெருக்கியில் நன்றி சொன்னேன். என்ன நேர்மையான குரல் எனக்கு!

பிப்ரவரி 25, ஞாயிறு

டப்பா குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பால் எடுக்கப் பழகிவிட்டேன். அதிலிருந்து அறுபது எடுத்து வெள்ளை ஷூ வாங்கினேன். எழுதவே கூசுகிறது.

மார்ச் 5, செவ்வாய்

கல்லூரியில் கேட்டார்கள்: மே மாதம் சான்றிதழோடு வெளியேறுகிறீர்களா, இன்னும் ஓராண்டு படித்துப் பட்டம் வாங்குகிறீர்களா?

நான் பயிற்சிக்குப் போகப்போகும் மருத்துவமனையின் மேலாளர் ட்ரீனாவிடம் சம்பளம் விசாரித்தேன்.

"சான்றிதழ்னா மணிக்குப் பதினெட்டே கால் டாலர்."

"பட்டம்னா?"

"பதினெட்டரை." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க படிப்பை மதிக்கிறவங்க."

கணக்குப் போட்டேன். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் 4,100. அந்த ஆண்டில் வேலைக்குப் போகாததால் இழப்பு 37,960. கூடுதலாகக் கிடைப்பது ஆண்டுக்கு 520. போட்ட பணம் திரும்ப எண்பத்தோரு ஆண்டு ஆகும். நூற்று இருபத்தெட்டாவது வயதிலிருந்து எல்லாம் லாபம்.

மகள் காரிஸா எட்டிப் பார்த்தாள். "கிடங்குல பெட்டி தூக்குற எனக்கே இருபத்தொண்ணு தர்றாங்க. பேசாம எங்கிட்ட வேலைக்கு வந்துடும்மா. நான் நல்ல முதலாளி."

பிறகு ஏன் பட்டம் கேட்கிறது மனசு? அங்கியும் தொப்பியும் போட்டு மேடையேறினால் என்ன படிப்பு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மிஸஸ் டுடாஷ் முதல் வரிசையில் பூங்கொத்தோடு அழுவாள். 42,060 டாலர் கொடுத்தால் ஒரு பொய்க்கு அங்கி தைத்துப் போடலாம்.

மார்ச் 11, திங்கள்

இரண்டாம் ஆண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சீ.

ஏப்ரல் 18, வியாழன்

மருத்துவமனையில் சம்பளமில்லாப் பயிற்சி, இரண்டாம் வாரம். அடுத்த நோயாளியை அழைக்கத் தாளைப் பார்த்தேன் — டோலோரஸ் டுடாஷ். தலைசுற்றல்.

அவள் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினேன். வாசலில் ட்ரீனா நின்றிருந்தாள்.

"இது எங்க பங்கு நர்ஸ், தெரியுமில்ல?" என்று அவளிடம் பெருமையடித்துவிட்டு, மிஸஸ் டுடாஷ் என் பக்கம் குனிந்தாள். "இந்தப் பிரஷர் மாத்திரைதான் தலையைச் சுத்துது. நிறுத்திடட்டுமா? நீ சரின்னு சொல்லு, நான் டாக்டரைப் பாக்காமலே வீட்டுக்குப் போயிடுறேன்."

நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. முதல் நாள் வகுப்பிலேயே சொன்ன சட்டம். ஆனால் எனக்கு அந்த நேரம் சட்டம் நினைவுக்கு வரவில்லை. இந்தக் கிழவி என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடுவாளே — செத்துப்போவாளே.

"நிறுத்தாதீங்க. டாக்டரைப் பாத்துட்டுத்தான் போகணும். நான் நர்ஸ் இல்லை. நர்ஸுக்குப் படிக்கவும் இல்லை. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

கருவி 168 காட்டியது. அதில் என் பங்கு எவ்வளவோ.

மிஸஸ் டுடாஷ் பட்டையைத் தானே கழற்றி என்னிடம் நீட்டினாள். பிறகு, "அப்போ அந்த நானூத்திப் பன்னெண்டு?"

ஏப்ரல் 21, ஞாயிறு

காரிஸாவிடம் அறுபது கடன் வாங்கி டப்பாவை நிரப்பிக் கொண்டுபோனேன். எல்லோர் முன்னாலும் மிஸஸ் டுடாஷ் எண்ணினாள். சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் ஒரு ஆறுதலும் இல்லை.

"கோயில் கூரை ரிப்பேருக்குப் போகட்டும்" என்றாள். என்னிடம் அல்ல, டப்பாவிடம்.

ஏப்ரல் 22, திங்கள்

இரண்டாம் ஆண்டை ரத்து செய்தேன். அங்கி கிடையாது. சான்றிதழ் தபாலில் வருமாம்.

ஜூன் 3, திங்கள்

ட்ரீனாவிடமே வேலை. பதினெட்டே கால். ஞாயிறுகளில் கடைசி வரிசையில் உட்கார்கிறேன், காபிக்கு நிற்பதில்லை.

2025 மார்ச் 14, வெள்ளி

செவ்வாயன்று மிஸஸ் டுடாஷிடமிருந்து தொலைபேசி. "மீன் விருந்துக்கு அந்தப் பிரஷர் பட்டையை எடுத்துட்டு வா. தின்னுட்டுப் போகக் கூப்பிடறேன்னு நினைச்சுக்காதே."

முட்டைக்கோஸுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை. அதன்மேல் மிஸஸ் டுடாஷின் கையெழுத்தில் ஓர் அட்டை:

இரத்த அழுத்தம் பார்க்கப்படும். இலவசம். இவர் நர்ஸ் அல்ல.

கடைசி வாக்கியத்தின் கீழே அழுத்தமாகக் கோடு.

முதலில் அவளே வந்து சட்டைக்கையை ஏற்றினாள்.

"எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தாறு."

"நல்லதா, கெட்டதா?"

"டாக்டரைக் கேளுங்க."

"ம்." திருப்தியோடு எழுந்துபோனாள். அவளுக்குப் பின்னால் வரிசை கதவுவரை நீண்டது. ஒவ்வொருவரும் அட்டையை முழுதாகப் படித்துவிட்டே கையை நீட்டினார்கள்.

கூடம் காலியானதும் அட்டையை எடுத்து மடிக்கப்போனேன். அடுப்படியிலிருந்து மிஸஸ் டுடாஷின் குரல் வந்தது: "மடிக்காதே! அடுத்த வெள்ளிக்கும் வேணும்."